பவனிப் படத்தில் இல்லாத ஒன்பது வீடுகள்

எங்கள் தெரு ஒரு முட்டுத் தெரு. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், கடைசியில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுண்ணாம்புச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரிய மனிதரின் பங்களாத் தோட்டம். அதையும் தாண்டினால் சாந்தோம் கடற்கரைச் சாலை. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள். பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் வாத்தியார்களைப் போலப் பேசுகிறவர்கள். என் அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஆசிரியை ஆவதற்காக டிரெயினிங் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சர்க்காரில் அந்தச் சுவரை இடித்து ரோடு போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. பங்களாக்காரர் தோட்டத்தில் ஒரு துண்டு நிலத்தை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டாராம். சுவரை எடுத்துவிட்டால் மயிலாப்பூர் கடைத்தெருவிலிருந்து கடற்கரைச் சாலைக்கு நேர் வழி கிடைத்துவிடும். அடையாற்றுப் பக்கம் புது வீடுகள் எழும்ப ஆரம்பித்திருந்த காலம் அது. செங்கல் லாரி, மணல் லாரி, பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட ஓட்டை லாரி எல்லாம் இனிமேல் எங்கள் வாசலை உரசிக்கொண்டு போகும் என்று புரிந்தது. மந்தைவெளிப் பக்கம் இப்படித் திறந்துவிட்ட ஒரு தெருவில் ஒரு தபால்காரரின் கால் போயிருந்தது. அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு பூசைக்கு வருவதை நாங்கள் ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லாரிக்குப் பயந்ததில் தப்பு ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். எங்கள் தெருக் குழந்தைகள் நடுத்தெருவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளையாடும். கண் தெரியாத ஒரு பெரியவர் சுவர் வரைக்கும் தனியாக நடந்து, சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். அவ்வளவு நம்பிக்கையாக இருந்த தெரு. அதைக் காப்பாற்ற நினைத்ததற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. எப்படிக் காப்பாற்றினோம் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுவரை இடிக்க வேண்டாம் என்று மனு எழுத, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் தெருக்காரர்கள் கூடினார்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் உண்டு. சர்க்கார் காகிதம் என்றால் அவர்தான். யாராவது இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவது வார்த்தைக்குள் குறுக்கே வந்துவிடுவார். அன்றைக்கும் வந்தார்.

"வாணாம் வாணாம்னு மட்டும் எழுதினா கிழிச்சிக் கூடைல போட்டுடுவான், வாத்தியாரே. இப்டிப் போ, இதான் வழின்னு நாமளே காட்டணும். அதுக்குப் படம் வேணும், படம்."

"படம்தானே? நம்மகிட்ட பவனிப் படம் இருக்கே" என்றார் அப்பா.

பவனிப் படம் என்றால் எங்கள் பங்கில் எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் மாதா திருநாளுக்குச் சப்பரம் எங்கள் தெருவுக்குள் வரும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெள்ளைத் துணி விரித்த மேஜை, மெழுகுவர்த்தி, பூ. சப்பரம் எந்தெந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதில் ஒரு வருஷம் பெரிய சண்டையே வந்துவிட்டது. ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்று அந்த வீட்டம்மா ஆறு மாதம் கோயிலுக்கே வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா தெருவை அளந்து, வீடு வீடாக வரைந்து, சப்பரம் நிற்கிற வாசலில் எல்லாம் ஒரு சின்னச் சிலுவை போட்டு, ஒரு படம் செய்துவைத்தார். சப்பரம் தூக்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நடப்பார்கள். அதில் யார் வீடும் விட்டுப்போகாது என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

அந்தப் படத்தை மேஜையில் விரித்தார்கள். தெற்கு வரிசை வீடுகளுக்குப் பின்னால் படத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். கிளார்க் தன் விரலை அந்த வெள்ளையில் வைத்து, கச்சேரி ரோட்டுப் பக்கமிருந்து கடற்கரை வரைக்கும் நேராக இழுத்தார். "இப்டிப் போவட்டுமே. யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார். எல்லாரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெள்ளையில் ஒன்பது வீடுகள் இருந்தன. எங்கள் கொல்லைச் சுவருக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம்தான். ஒன்பதும் துலுக்கர் வீடுகள் என்று தெருவில் சொல்வார்கள். நாலைந்து தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள். தையல், ஜரிகை வேலை, பாய் முடைவது, கடற்கரைச் சந்தையில் சின்ன வியாபாரம். சப்பரம் அங்கே போகாது, அதனால் அவர்கள் பவனிப் படத்தில் இல்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது. ஆனால் சப்பரத்துக்கு மேலே கட்டுகிற நீல வெல்வெட்டு விதானத்தைத் தைத்துக் கொடுத்தவர் அந்த ஒன்பதில் முதல் வீட்டுத் தையல்காரர். நாங்கள் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். எங்கள் தெருவில் உடம்பில் துணி போட்டிருந்த எல்லார் அளவும் அவருக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து நான் அவர் வீட்டில்தான் கிடப்பேன், புதிதாக அளவெடுத்தால் சீட்டில் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுப்பதும் நான்தான்.

அவர்களை மறந்துவிட்டோம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். யாரும் மறக்கவில்லை. அறையில் இருந்த பாதிப் பேர் அவர் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யார் கண்ணும் காகிதத்தைத் தாண்டிப் போகவில்லை. அப்பா மட்டும், "பின்னால பாய் வீடெல்லாம் இருக்கே" என்று மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சினீயர் வந்து பாக்க மாட்டானா? வீடு இருந்தா இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குவான். அது அவன் வேல" என்றார் கிளார்க்.

அப்பா சரி என்று தலையாட்டினார். பின்னால் இன்னும் தெற்கே மணல்மேடு இருந்தது, அதில் வீடு இல்லை. அப்பா மனசில் அந்த மணல்மேடுதான் இருந்தது என்று நான் நம்புகிறேன். நம்ப வேண்டியிருக்கிறது.

மனுவோடு இணைக்கிற படத்தை மசியில் எடுத்து வரைகிற வேலையை அப்பா என்னிடம் கொடுத்தார். எனக்குக் கொண்டாட்டம். டிரெயினிங் ஸ்கூலில் படம் போடுவதில் நான்தான் முதல். அங்கே எங்களுக்குப் பூகோளம் எடுத்த அம்மாள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வரைபடத்தில் பேர் இல்லாத இடம் இருக்கக் கூடாது. கடலாக இருந்தால் கடல் என்று எழுது, காடாக இருந்தால் காடு என்று எழுது, சும்மா வெள்ளையாக விட்டால் மார்க்கு போச்சு. நான் தெருவை வரைந்தேன், வீடுகளை வரைந்தேன், சுவரை வரைந்தேன், அவர்கள் சொன்ன புது வழியைப் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். தெற்கே அந்த வெள்ளை கண்ணை உறுத்தியது. ஒரு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில், ஒரே அளவாக இடைவெளி விட்டு, காலி நிலம் என்று எழுதினேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்பா பார்த்தார். எழுத்து அழகாக வந்திருக்கிறது என்று சொன்னார்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் மேஜை போட்டுக் கையெழுத்து வாங்கினோம். கையெழுத்து நிறைய இருந்தால்தான் மதிப்பு என்று கிளார்க் சொன்னதால், பாயையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். "இன்னா மா எழுதிகீது?" என்று என்னிடம் கேட்டார்.

"நம்ம தெருவுல லாரி வரக் கூடாதுன்னு எழுதியிருக்கோம், பாய்."

"கரெக்டு. லாரி வந்தா மாதா சப்பரம் எப்டிப் போவும்?" என்றார். உருதுவில், வலமிருந்து இடமாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். படம் மனுவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. சுவரை இடிக்கப் போவதில்லை, குடியிருப்போர் காட்டிய மாற்று வழி பரிசீலித்து ஏற்கப்பட்டது. தெருவே கோயிலுக்குப் போய் நன்றிப் பூசை வைத்தது. கிளார்க்குக்கும் அப்பாவுக்கும் மாலை போட்டார்கள். அப்பா மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். படம் போட்டவள் நான் அல்லவா? நானும் வெட்கமில்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன்.

இஞ்சினீயர் வந்து பார்க்கத்தான் செய்தார். அந்த ஒன்பது வீட்டு மனையும் வேறொருவருக்குச் சொந்தம், அங்கே இருந்தவர்கள் வெறும் குடிக்கூலிக்காரர்கள். மனைக்காரர் சந்தோஷமாக நிலத்தைக் கொடுத்துவிட்டார். ரோட்டைத் தள்ளிப் போட யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா இல்லை, அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கையில் ஒரு ஆங்கில நோட்டீசு. அறுபது நாளில் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே, குடியிருப்போர் அளித்த வரைபடத்தின்படி இது காலி நிலம் என்றும், அதில் இருப்பவை அனுமதியில்லாத கொட்டகைகள் என்றும் இருந்தது. நான் முதல் பாதியைத் தமிழில் சொன்னேன். இரண்டாவது பாதியை விழுங்கிவிட்டேன்.

"ஆபீசுக்குப் போனேன் மா. இங்கிலீசுல எழுதிக் கொண்டான்னு சொன்னாங்க. நீ எழுதிக் குடு" என்றார்.

காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்றுகொண்டே சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்பது குடும்பம், நாலு தலைமுறை. அவர் வீட்டில் மாமியார் வாதத்தில் படுத்திருக்கிறாள். தைக்கக் கொடுப்பவர்கள் எல்லாம் இந்தத் தெருக்காரர்கள், வேறு இடத்துக்குப் போனால் பிழைப்பு இல்லை. எல்லாம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதியதில்லை. கடைசி வரி முடிந்ததும் அவர், "அவ்ளோதானா மா? வேற ஏதாச்சும் சேக்கணுமா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் என்றேன். முகத்தைப் பார்க்காமல் மசியை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

படம் தப்பு, அதைப் போட்டவள் நான், அங்கே காலி நிலம் எதுவும் இல்லை. இந்த ஒரு வரி போதும் என்று எனக்குத் தெரியும். எழுதும்போதே தெரியும். எழுதினால் ரோடு திரும்ப எங்கள் சுவருக்கு வரும். சர்க்காருக்குப் பொய்ப் படம் போட்டுக் கொடுத்தவள் என்று டிரெயினிங் ஸ்கூலில் கேட்டால் சர்டிபிகேட்டு என்ன ஆகும்? அப்பாவுக்குப் போட்ட மாலை வேறு. எல்லாம் ஒரே நேரத்தில் மனசில் ஓடியது. எனக்குப் பயம் இருந்தது, பாய் மேல் பாசமும் இருந்தது. பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்றைக்கு அப்பா வந்ததும் நோட்டீசில் இருந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார். அந்த ஞாயிறே மறுபடியும் கூட்டம் கூட்டினார். படத்தைத் திருத்தி அனுப்புவோம், மணல்மேட்டைக் காட்டுவோம் என்றார். அப்பா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை.

கிளார்க் அவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அவர் காத்திருந்ததைப் பார்த்ததுமே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. "நாம குடுத்த படம் தப்புன்னு நாமளே எழுதினா மொத்த மனுவும் தள்ளுபடி, வாத்தியாரே. நாளைக்கே சுவரு போய்டும். உங்க வீட்டு வாசல்ல லாரி நிக்கும், பரவால்லியா?"

கண் தெரியாத பெரியவரின் மகள், "எங்கப்பா எங்க நடப்பாரு, சார்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா உட்கார்ந்துவிட்டார். பாய் குடும்பத்துக்கு வேறு இடம் பார்த்துக் கொடுக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று ஒருத்தர் சொன்னார். எல்லாரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட யோசனைக்குத்தான் எல்லாரும் காத்திருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து தனியாக ஒரு கடிதம் எழுதினேன். ஐயா, அந்தப் படத்தை வரைந்தவள் நான், தெற்கே இருப்பது காலி நிலம் அல்ல, ஒன்பது வீடுகள், பிழை என்னுடையது. பேர், விலாசம் எல்லாம் போட்டேன். உறையில் போட்டு ஒட்டி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். தபால் பெட்டி கச்சேரி ரோட்டு முனையில்தான். தினமும் டிரெயினிங் ஸ்கூலுக்கு அதைத் தாண்டித்தான் போவேன். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவேன், அப்படியே திரும்புவேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் போடலாம் என்று நாற்பது நாள் போயிருக்கும்.

பாயின் மனு தள்ளுபடியாயிற்று. மனுதாரரே முந்தைய மனுவில் கையெழுத்திட்டிருப்பதால் இப்போது ஆட்சேபிக்க முகாந்திரமில்லை என்று எழுதியிருந்தார்கள். சாமியார் பார்த்துக் கொடுப்பதாகச் சொன்ன இடம் கிடைக்கவில்லை. கெடுவுக்கு நாலு நாள் முன்னால் அவர் மாமியார் செத்துப்போனாள். வாதத்தில் கிடந்தவள்தான், எப்படியும் போயிருப்பாள் என்று தெருவில் சொன்னார்கள். இருக்கலாம். நானும் அன்றைக்கு அப்படித்தான் சொன்னேன்.

பாய் குடும்பத்தார் மீர்சாகிப்பேட்டையில் ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனார்கள். போகிற நாள் காலையில், கைவண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது, பாய் எங்கள் தெருவுக்குள் வந்தார். தைக்கக் கொடுத்த துணிகளைத் தைத்தும் தைக்காமலும் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வாசலிலும் இது பாவாடை, ஓரம் மட்டும் பாக்கி, இது சட்டை, காஜா எடுக்கவில்லை என்று விவரம் சொன்னார். வாங்கிக்கொண்டவர்கள் சீக்கிரம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நான்தான் நின்றேன். வெட்டித் தைக்காமல் இருந்த என் ரவிக்கைத் துணியை நீட்டினார்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். "பாய், அந்தப் படத்த நான்தான் போட்டேன். காலின்னு எழுதினதும் நான்தான்."

"தெரியும் மா" என்றார். "மொத தபா ஆபீசுக்குப் போனன்னிக்கே எட்த்துக் காட்டினாங்க. இங்கிலீசு படிக்கத் தெரியாதே தவிர, உன் எழுத்து தெரியாதா? எத்தினி வாட்டி அளவு எழுதிக் குட்த்துகீறே."

"தெரிஞ்சுமா என்கிட்டயே மனு எழுத வந்தீங்க?"

"வேற யார் எழுதினாலும் நம்ப மாட்டோம், படம் போட்டவங்களே தப்புன்னு எழுதிக் குட்த்தா யோசிப்போம்னு அங்க ஒருத்தர் சொன்னாரு மா. அதான் வந்தேன்."

"என்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, பாய்."

"நீ எங்க வூட்ல வளந்த பொண்ணு. நானா சொல்லித்தான் எழுதணுமா இன்னா?" கோபமாகச் சொல்லவில்லை. துணியை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.

அவர் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ஆயுசு பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளைகளை நிற்க வைத்தவள் நான், இதையாவது உள்ளபடி சொல்கிறேன். கொடுத்திருக்க மாட்டேன். அவர் அந்த வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, விலாசம் எழுதி ஒட்டிய கடிதம் உள்ளே அலமாரியில், ஜெபப் புத்தகத்துக்குள்தான் இருந்தது. நான் போய் எடுத்து வரவில்லை.